முட்டைக்குள் இருந்த மணம்

ஆர்லெத்தின் வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஏறிக் கல்சுவரைத் தாண்டினால் ஓக் தோப்பு. அவள் புருஷன் லெயோன்ஸ் கல்யாணமான புதிதில் தன் கையால் நட்டது. அந்த வேர்களை ஒட்டி மண்ணுக்கடியில் ட்ரஃபிள் விளையும். கறுப்பாக, சொரசொரப்பாக, கைக்குள் அடங்குகிற காளான். குளிர்காலம் வந்தால் லெயோன்ஸும் அதை மோப்பம் பிடித்துக் காட்டும் நாய் ஃபனெத்தும் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். அவர்கள் திரும்பி வந்தபிறகு சமையலறையில் வேறெந்த மணமும் நிற்காது.

ஆர்லெத்துக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனது. அவள் எழுந்து நடக்க ஆரம்பித்த நேரத்தில் லெயோன்ஸ் படுத்துவிட்டார். அந்தக் குளிர்காலத்தில்தான் ஃபனெத்தைத் தோப்புக்குக் கூட்டிப்போகிற வேலையை ரெஜிஸிடம் ஒப்படைத்தார்கள். ரெஜிஸ் ஆர்லெத்தின் தங்கை நோயெலின் புருஷன். புதன்கிழமை தோறும் வந்து நாயைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போவான்.

கடைசி மாதங்களில் லெயோன்ஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஒரு ட்ரஃபிளை மூக்குக்கிட்ட காட்டு, போதும்," என்பார். ரெஜிஸ் தோப்பிலிருந்து திரும்பினால் தலையணையில் கையை ஊன்றி எழுந்து பார்ப்பார். ரெஜிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நிற்பான்.

"இந்த வருஷம் ஒண்ணுமே இல்லண்ணே. கோடை முழுக்க மழை இல்ல பாருங்க."

"பரவால்ல சகலை. அடுத்த வாரம் பாரு."

அடுத்த வாரமும் அதே பதில்தான். வாதுமை மரங்கள் பூப்பதற்கு முன்பே லெயோன்ஸ் போய்விட்டார்.

அதற்கப்புறமும் தோப்பில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றே ரெஜிஸ் சொல்லி வந்தான். "நீங்க மட்டும் அங்க ஏறிடாதீங்க மதினி. காட்டுப்பன்னி கெளறிக் குழி குழியா கெடக்கு. கால் மடங்கினா அவ்வளவுதான்," என்பான். ஒருமுறை ஆர்லெத், "மரம்தான் ஓய்ஞ்சுபோச்சே தம்பி, வெட்டி விறகாக்கிடலாமா?" என்று கேட்டாள். ரெஜிஸ், "அண்ணன் வெச்ச மரம். அவர் ஞாபகமா நிக்கட்டுமே," என்றான். அன்றைக்கு அவள் அழுதுவிட்டாள்.

நாயைத் திருப்பிக் கொண்டுவந்து விடும்போது அதன் பாதங்களையும் மூக்கையும் ஈரத்துணியால் துடைத்திருப்பான். அடுமனையில் ரொட்டிக்கு நிற்கும்போது ஆர்லெத் ஊர்க்காரர்களான எங்களிடம் சொல்லியிருக்கிறாள். "என் தரை அழுக்காகக் கூடாதுன்னு நாயைத் துடைச்சுக் கொண்டாந்து விடறாரு. கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்."

போன ஜனவரியில் நோயெல் காய்ச்சலில் படுத்தாள். ஆர்லெத் கோழி சூப் வைத்து எடுத்துக்கொண்டு, கைத்தடியை ஊன்றி ஊர் மூலையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். ரெஜிஸ் வீட்டில் இல்லை. நோயெல் போர்வைக்குள்ளிருந்து மூக்கடைத்த குரலில் பேசினாள்.

"உனக்கு முட்டை குடுத்தனுப்பவே இல்லையேக்கா இந்த வாரம். உள் அறையில கிண்ணத்துல இருக்கு பாரு, எடுத்துட்டுப் போ."

உள் அறையில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிகள் முதிர்ந்துகொண்டிருந்தன. அந்த வாடையில் வேறெதுவும் தெரியவில்லை. கிண்ணத்திலிருந்த முட்டைகளைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து, சின்ன வாணலியில் வெண்ணெயை உருக விட்டு ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள். ஆவி முகத்தில் அடித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. ட்ரஃபிள் மணம். மழை நின்ற காட்டுத்தரை மாதிரி, சுட்ட பூண்டு மாதிரி, இரண்டும் இல்லாமல் அதற்கே உரிய ஒன்று. தனியாக இருந்து இருந்து புத்தி பேதலித்துவிட்டதா என்றுகூட நினைத்தாள். இன்னொன்றை வெறும் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்தாள். அதிலும் இருந்தது.

முட்டை ஓட்டுக்கு மூச்சு உண்டு. மூடிய ஜாடிக்குள் ட்ரஃபிளோடு முட்டையை வைத்தால், ஓட்டை உடைக்காமலே மணம் மஞ்சள் கரு வரைக்கும் இறங்கிவிடும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் வைப்பார்கள். இந்த முட்டைகள் எங்கேயோ ஒரு ட்ரஃபிள் பக்கத்தில் சில நாள் தூங்கி எழுந்தவை. யாரோ ட்ரஃபிளை மட்டும் எடுத்துக்கொண்டு முட்டைகளைக் கிண்ணத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். காய்ச்சலில் கிடந்தவளுக்கு அது தெரியாது.

யாராவது அவர்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொடுத்திருந்தால் நோயெல் ஏன் சொல்லவில்லை? அம்மா போனபின் அவளுக்குத் தலைவாரிப் பின்னி வளர்த்தவள் ஆர்லெத். பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டால்கூட ஓடிவந்து சொல்லுகிற பெண் அவள்.

புதன்கிழமை ரெஜிஸ் வந்தபோது, நாய்க்குக் காலில் முள் குத்தியிருக்கிறது, இன்று வேண்டாம் என்றாள். "அப்படியா, பாக்கறேன்," என்று குனிந்தவனை, "மருந்து போட்டுக் கட்டியாச்சு தம்பி, நீங்க போங்க," என்று அனுப்பிவிட்டாள். மறுநாள் கைத்தடியோடும் ஃபனெத்தோடும் சரிவில் ஏறினாள். முழங்கால் கத்தியது. நின்று நின்று போனாள்.

பன்றிக் குழி ஒன்றும் இல்லை. ட்ரஃபிள் விளையும் மரத்தைச் சுற்றி வட்டமாகப் புல் கருகியிருக்கும். அடியில் விளைச்சல் நின்றுபோனால் புல் திரும்ப முளைத்துவிடும். இங்கே மரத்துக்கு மரம் தரை மொட்டையாகக் கிடந்தது. அங்கங்கே மண்ணைத் தள்ளி மூடி, மேலே சருகைப் பரப்பி மிதித்துவிட்ட அடையாளம். ஃபனெத் கல்சுவரோரத்து மரத்தடிக்கு நேராகப் போய், முன்னங்காலால் இரண்டு முறை பறித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தது. ஆர்லெத் முட்டி போட முடியாமல் தரையில் உட்கார்ந்தே தோண்டினாள். கோழிமுட்டையைவிடப் பெரிதாக ஒன்று கையில் வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, குளிரில் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அதைத் தண்ணீரில் கழுவவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டினாள். காகிதத் துண்டில் சுற்றி, சந்தையில் வாங்கிய முட்டைகளோடு கண்ணாடி ஜாடிக்குள் வைத்து மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தாள். தினமும் காகிதம் ஈரமாகியிருக்கும். எடுத்துவிட்டு வேறு சுற்றினாள். நோயெலுக்குக் காய்ச்சல் விட்டதும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டாள்.

அன்று காலை முட்டைகளை உடைத்துக் கலக்கி, ட்ரஃபிளில் பாதியைத் துருவிப் போட்டு மூடி வைத்தாள். அவர்கள் வந்து கோட்டைக் கழற்றும்போதுதான் அடுப்பில் ஏற்றினாள். கொதிக்கும் தண்ணீர்மேல் பாத்திரத்தை வைத்து, வெண்ணெய் போட்டு, மரக்கரண்டியால் விடாமல் கிளற வேண்டும். அவசரப்பட்டால் கட்டி தட்டிவிடும். குழைந்த கஞ்சிப் பதம் வந்ததும் இறக்கி, மீதி ட்ரஃபிளை மெல்லிசாகச் சீவிப் போட்டு மூடி, மேசையில் கொண்டுவந்து வைத்தாள். அடுப்படியில் கிளம்பிய மணம் ஏற்கெனவே கூடத்துக்கு வந்திருந்தது. ரெஜிஸ் பேச்சை நிறுத்தியிருந்தான். நோயெல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெஜிஸ்தான் மூடியைத் திறந்தான். "மதினி, இது எங்கேருந்து? சந்தையில வாங்கினீங்களா?"

"என் தோப்புல எடுத்தேன். சுவரோரத்து மரம். சாப்பிடுங்க தம்பி, ஆறிடும்."

ஒரு கணம்தான். உடனே அவன் சிரித்தான். "அடடே! பாத்தீங்களா, மரம் மறுபடி குடுக்க ஆரம்பிச்சிருக்கு! எல்லாம் அண்ணன் ஆசீர்வாதம்!"

"பக்கத்துல மூடின குழி நெறைய இருந்துச்சு."

"நான்தான் சொன்னேனே, பன்னி..."

"பன்னி குழியை மூடாது தம்பி. மண்ணைத் தள்ளி, மேல சருகைப் போட்டு, மிதிச்சுவிட்டுப் போற பன்னியை நான் பாத்ததில்ல. இந்தப் பன்னி பூட்ஸ் வேற போட்டிருக்கு."

ரெஜிஸின் கழுத்து சிவந்தது. "என்ன சொல்றீங்க நீங்க? மூணு வருஷமா உங்க நாயைக் கட்டி மேய்ச்சதுக்கு இதுதானா?"

நோயெல் அழ ஆரம்பித்தாள். "அக்கா, நான் சொல்லிட்டேதான் இருந்தேன். அக்காவுக்கு ஒண்ணாவது குடுங்கன்னு ஆரம்பத்துலேர்ந்தே சொன்னேன். அவருதான் கேக்கல. வேட்டைச் சங்கத்து விருந்து, மேயர் வீட்டு விருந்து எல்லாத்துக்கும் இவருதான் கொண்டுபோவாரு. ரெஜிஸ் தோப்பு ட்ரஃபிள்னு ஒரு பேராயிடுச்சு. அப்புறம் எப்படி நிறுத்தறது?"

ஆர்லெத் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆரம்பத்துலேர்ந்தா? எது நோயெல் ஆரம்பம்?"

நோயெலின் அழுகை சட்டென்று நின்றது. வெளியே வடக்கிலிருந்து வீசும் மிஸ்த்ரால் குளிர்காற்று ஜன்னல் பலகையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"லெயோன்ஸ் படுத்திருந்தப்பவேவா?"

நோயெல் புருஷனைப் பார்த்தாள். அப்புறம் ரெஜிஸ், "அவருக்குத்தான் டாக்டர் வெண்ணெய், முட்டை எதுவும் ஆகாதுன்னு..." என்று இழுத்தான்.

"மூக்குக்கிட்ட காட்டச் சொன்னார். மூக்குக்கும் ஆகாதுன்னாரா டாக்டர்?"

"ஒண்ணைக் காட்டினா மத்ததெல்லாம் எங்கேன்னு கேப்பாரு மதினி. அவரு விவரமானவரு."

அவன் அதை நியாயம் பேசுகிற குரலில் சொன்னான். அதைக் கேட்டபிறகுதான் ஆர்லெத்துக்கு எல்லாம் முழுசாக விளங்கியது. பையில் ட்ரஃபிளை வைத்துக்கொண்டுதான் அவன் அந்தக் கட்டில் பக்கத்தில் தொப்பியைக் கழற்றி நின்றிருக்கிறான். அந்தப் பையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தது தன் தங்கை. சாவுக்கு வந்து தன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதவளும் அவள்தான்.

"எழுந்திரு," என்றாள். அதுவரை ஒருநாள்கூட அவனிடம் அவள் ஒருமையில் பேசியதில்லை. "என் வீட்டை விட்டுப் போ. தோப்புப் பக்கம் உன்னைப் பார்த்தேன்னா நாயை விடமாட்டேன், அது உன்னை நக்கும். தடியோட நானே வருவேன்."

ரெஜிஸ் கோட்டை வாரிக்கொண்டு போனான். நோயெல் வாசலில் நின்று, "அக்கா..." என்றாள்.

"நீயும் போ."

அவர்கள் போனபின் மேசையில் இருந்தது ஆறி இறுகிப்போயிருந்தது. ஆர்லெத் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். ருசியில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

ஊரில் இரண்டுவிதமாகவும் பேசினார்கள். வேட்டைச் சங்கத்து விருந்தில் அந்த வருடம் ட்ரஃபிள் வரவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், மதினிக்குத் தனிமையில் தலை கொஞ்சம் கலங்கிவிட்டது என்று ரெஜிஸ் சொன்னான். நம்பியவர்களும் உண்டு. ஒரு காளானுக்காகக் கூடப் பிறந்தவளை ஒதுக்கலாமா என்று ஆர்லெத்திடமே வந்து கேட்டார்கள். மேலே கல்சுவருக்கு ஒரு கதவு போட்டுப் பூட்டினாள். காற்று அடிக்காத நாட்களில் மெதுவாக ஏறிப்போய், கிடைத்ததைக் கொண்டுவந்தாள். எங்களைக் கூப்பிட்டு, சுட்ட ரொட்டியில் ட்ரஃபிள் வெண்ணெய் தடவி, கல்லுப்பு தூவிக் கொடுத்தாள். தான் மட்டும் வெறும் ரொட்டி தின்றாள்.

பருவம் முடிகிற சமயத்தில் நோயெல் தனியாக வந்தாள். ஆர்லெத் அடுப்படியில் பிரஷ்ஷும் கையுமாக இருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நோயெல் எதிரே உட்கார்ந்து, இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக் கூடவே மண்ணைத் தட்டினாள்.

"திட்டுக்கா. அடிச்சாலும் அடி. இப்படிப் பேசாம இருக்காத."

"திட்டிட்டா உனக்கு லேசாயிடும். அதான் திட்டல."

"அவரை விட்டுட்டு வந்துடவா?"

"அன்னைக்கு என்னைக் கேட்டா மறைச்ச? இதை மட்டும் ஏன் என்னைக் கேக்கறே?"

நோயெல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நான் இங்க வரவே கூடாதா?"

ஆர்லெத் கையிலிருந்ததைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். "வா. கதவு தொறந்துதான் இருக்கும். நீ என் கையில வளந்தவ, அதை நான் என்ன பண்ண முடியும்? ஆனா நீ சொல்ற எதையும் இனிமே என்னால நம்ப முடியாது நோயெல். நம்பணும்னு பாத்தேன். வரல."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வேலையைப் பார்த்தார்கள். பிறகு நோயெல் எழுந்து கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டாள்.

"காத்து நின்னுடுச்சு. நான் கெளம்பறேன்கா."

ஆர்லெத் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே மரக்கிளைகள் அசைகின்றனவா என்று பார்த்தாள்.