நூற்று அறுபது பக்கம்

ஷெர்லின் அப்பாவின் மடிக்கணினியைத் திறந்தபோது, கூடத்தில் அவரது சவப்பெட்டியைச் சுற்றி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாலை போட்டுவிட்டு வந்த பதிப்பாளர் மாதவன் அறைவாசலில் நின்றார்.

"இப்பக் கேக்கக் கூடாதுங்க. சார் புத்தகத்த எந்த அளவுல முடிச்சாரு?"

திருச்சியின் வெள்ளங்களைப் பற்றி அப்பா பாக்கியநாதன் ஆயுசெல்லாம் எழுதியது தொள்ளாயிரம் பக்கம். நானூறைத் தாண்டினால் ஈ காக்கை வாங்காது என்று சொன்னவர் இதே மாதவன்தான். படுக்கையில் விழுந்தபிறகு அப்பா வெட்ட ஆரம்பித்தார். அத்தியாயம் அத்தியாயமாக அழித்தார். மருந்து மூளையைக் குழப்பிவிட்டது என்று ஷெர்லின் தானே முடிவுகட்டினாள். அவர் கண்ணயர்ந்ததும், அழித்ததையெல்லாம் பழைய பிரதியிலிருந்து எடுத்துத் திரும்ப ஒட்டிவைத்தாள். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டாள் வேறு.

நேற்றுக் காலை அப்பா மெல்லச் சொன்னார். "நீ திரும்ப வைக்கிறது தெரியும்மா."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. "ஏம்ப்பா திட்டல?"

"நல்லதுதான் பண்ணுன. ஒவ்வொண்ணையும் மறுபடி படிச்சேன்ல? மறுபடியும் வேணாம்னு பட்டதத்தான் எடுத்தேன்." சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "முக்கொம்புக்கு வர்ற வெள்ளத்தப் பூரா காவேரியிலயே விட்டா ஊரு தாங்குமா? கொள்ளிடத்துல விடணும். இன்னிக்கு மட்டும் கை வைக்காத."

அவள் வைக்கவில்லை. சாயங்காலம் போய்விட்டார்.

திரையில் நூற்று அறுபது பக்கம் இருந்தது. முனைவர் பட்டம் வாங்கித்தந்த அத்தியாயத்தையே காணோம். தன்னைக் குறைசொன்னவர்களுக்கு எழுதிய காரசாரமான பதிலும் இல்லை. ஷெர்லின் நின்றபடியே படித்தாள். ஒரே இரவில் தண்ணீர் தெருவுக்குள் வந்து, படியேறி, அடுப்பை அணைத்தது. கூடத்து ஜெபம் காதில் விழவில்லை. இழுத்துக்கொண்டு கிடந்த மனிதர் இதையா செய்துகொண்டிருந்தார்!

"முழுசும் உங்ககிட்ட இருக்குல்ல?" என்றார் மாதவன். "நினைவுப் பதிப்பா ரெண்டு பாகம் போட்டுடலாம்ங்க. செலவ சாரோட மாணவர்கள் ஏத்துக்கிறாங்க. நானூறு கணக்கெல்லாம் இனி எதுக்கு?"

தொள்ளாயிரம் பக்கமும் அப்பாவின் கையெழுத்துப்போல அவளுக்குப் பழக்கம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனையும் வந்துவிடும்.

"நூத்தி அறுபதுங்க," என்றாள். "அவ்வளவுதான் புத்தகம்."

"ஷெர்லின், ஃபாதர் வந்துட்டாரு," என்று அம்மா ரோசரி கூப்பிட்டாள்.

பெட்டியை மூடப்போனார்கள். அப்பாவின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. சரிசெய்ய ஷெர்லினின் கை நீண்டது. பிறகு மடக்கிக்கொண்டாள்.