கிருமி இல்லாத மண்

...தொண்ணூற்றேழு விழுக்காடு, மறுபடியும் சொல்கிறார், ஒலிபெருக்கி கையில் இருக்கிற தைரியத்தில், தொண்ணூற்றேழு விழுக்காடு கிருமிகளை ஒழித்துவிட்டோம் என்று டத்தோ பட்டம் வாங்கிய பஞ்சலிங்கம் மார்தட்டுகிறார், பந்தலுக்குள் நின்றுகொண்டு தலையில் மஞ்சள் பாதுகாப்புத் தொப்பி வேறு, மேலே விழுவதற்கு அங்கே அவர் பேச்சைத் தவிர என்ன இருக்கிறது... தோட்டத்து ஜனங்கள் கை தட்டுகிறார்கள், கடைசி வரிசையில் பிரமிளா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒழித்தது எவற்றை என்று இந்த மனுஷருக்குத் தெரியுமா? ஈப்போ ஆய்வுக்கூடத்தில் ஒன்பது மாதமாக அவற்றை எண்ணியவள் அவள். சுங்கை சிப்புட் பக்கத்து இந்தத் தோட்டத்தில் ரப்பர் ஆலை ஓடிய காலத்து டீசல் கிடங்கு இது, நாற்பது வருஷம் ஒழுகி ஊறிய மண், அதில் பாக்டீரியாக்கள் குடும்பம் குடும்பமாக டீசலையே தின்று பிழைத்துக் கிடந்தன, சம்பளம் கேட்காமல், விடுமுறை கேட்காமல், முக்கியமாக மாலை கேட்காமல். முதலில் எடுத்த மண்ணை வளர்த்துப் பார்த்தபோது தட்டு நிறைய ஜவ்வரிசி கொட்டினதுபோல் வந்தன. அப்புறம் மண்ணைச் சுத்தம் செய்யக் குத்தகை எடுத்தவர் இரசாயனத்தைப் பாய்ச்சினார், டீசல் போயிற்று, வாஸ்தவம்தான், கூடவே அவையும் போய்ச் சேர்ந்தன, தட்டு ஏறக்குறைய வெறும் தட்டு. எருவும் காற்றும் கொடுத்து இன்னும் கொஞ்ச காலம் தின்ன விட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? ஆனால் மண்ணுக்குள் சத்தமில்லாமல் தின்கிறவற்றுக்கு எங்கே நின்று ரிப்பன் வெட்டுவது...

கிருமி, கிருமி, இருபது தடவை சொல்லிவிட்டார், அறிவுகெட்ட வார்த்தை, எந்த மடையன் எழுதிக் கொடுத்தான்? மடையன் இல்லை, மடைச்சி. ஜனங்களுக்கான தமிழ்த் துண்டறிக்கை அவள் எழுதியதுதான், நுண்ணுயிர் என்றுதான் முதலில் போட்டாள், தோட்டத்து ஆட்களுக்கு அதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று அவளே அடித்தாள், மத்தியானச் சாப்பாட்டு அவசரத்தில் கிருமி என்று மாற்றினாள். உயிர் போன மண்ணைப் பற்றிய எச்சரிக்கை அந்த ஒரே வார்த்தையில் சோப்பு விளம்பரமாகிவிட்டது. இப்போது இந்த நிலத்தில் ஆளுக்கொரு பங்கு வாங்க அதே துண்டறிக்கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், நிலத்தைச் சுத்தமாகப் பெற்றுக்கொண்டேன், இனி எனக்குப் புகார் எதுவும் இல்லை என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட, இன்றைக்குப் போடாதவர் பங்கு காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும், என்ன நியாயமோ...

வரிசையில் முதலில் நின்ற ஐயாவு, ஆலையில் லாரி ஓட்டியவர், அவளைப் பார்த்ததும் கிட்டே வந்தார். பின்னாலேயே அவர் மனைவி நவமணி.

“தங்கச்சி, நீங்கதானே மண்ணு பாக்குற லேப்பு? கையெழுத்து போட்டுறலாமா? கீரை, பயத்தங்கா போடலாம்னு இருக்கேன்.”

“இப்ப வேணாம் அண்ணே. மண்ணு செத்துக் கெடக்கு.”

“கிருமிதானே செத்துச்சுன்னு போட்டிருக்கு?”

“அது நல்ல கிருமி அண்ணே. அது இருந்தாத்தான் பயிர் புடிக்கும்.”

“நல்ல கிருமியாம்லா,” என்றாள் நவமணி. “இது தெரியாம ஒங்க பனியன எத்தன வருசமா நான் வெந்நீர்ல போட்டு அவிச்சிட்டேன்.”

ஐயாவு சிரிக்கவில்லை. “அதுங்க திரும்பி வருமா?”

“வரும்.”

“எப்ப?”

மேடையில் டத்தோ இந்த மண்ணை அள்ளிச் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார், குனிந்து அள்ளத்தான் காணோம், பிரமிளாவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. “ஆறு மாசம்,” என்றாள்.

ஐயாவு கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், வரிசையைப் பார்த்துத் திரும்பினார். “யாரும் கையெழுத்து போடாதீங்க. ஆறு மாசம் கழிச்சுத்தான் மண்ணுக்கு உயிர் வருமாம். லேப்பு தங்கச்சியே சொல்லிருச்சு.”

வரிசை கலைந்தது, ஒருத்தர், மூன்று பேர், அப்புறம் மொத்தமாக, ஒலிபெருக்கி பாதி வாக்கியத்தில் நின்றது. நன்றாக வேண்டும், நன்றாக... ஆனால் ஆறு மாதம் என்று அவளுக்கு யார் சொன்னது? பனி விழுகிற ஏதோ ஊரில் யாரோ அளந்ததை எப்போதோ படித்த ஞாபகம், இந்த வெயிலில், இந்த மழையில், இந்த மண்ணில் யார் அளந்தார்கள்? மூன்று வாரத்தில் வரலாம், மூன்று வருஷம் ஆகலாம்... அதற்குள் இவர்கள் பங்கு? வாயைத் திறந்து சொல்லிவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, ஐயாவு பத்தடி தூரத்தில்தான் நிற்கிறார், விரலை மடக்கி மாதத்தை எண்ணிக்கொண்டு, ஐந்தாவது விரலில் நின்று இன்னொரு கையை நீட்டுகிறார்... ஆறு மாசம் என்று சொல்லும்போது அவள் குரல்தான் எவ்வளவு உறுதியாக இருந்தது.