பார்ப்பதற்குச் செலவில்லை

எட்டு மாதம் கழித்து மகள் கூப்பிட்டாள். பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது.

"அப்பா, என் கார் சாவி இன்னொண்ணு வீட்ல இருக்கணும். இருக்கா பாருங்க."

"இருக்கு."

"பாக்காமலே சொல்றீங்க."

"இருக்கும்மா. தெரியும்."

"வண்டி செத்துக் கிடக்கு. கதவு திறக்கல. நான் எப்பவும் போனை வெச்சுத்தான் திறப்பேன், சாவி உள்ள பையிலேயே மாட்டிக்கிச்சு. கொண்டுவந்து தர முடியுமா? முடியாதுன்னா சொல்லிடுங்க, கண்ணாடிய உடைச்சுக்கறேன்."

"வரேன்."

பாருங்க, சொல்றீங்க. அப்பாவை நீ, வா, போ என்றே பேசி வளர்ந்தவள். மருத்துவமனை வராந்தாவில் ஒரு நாள், "எப்பலேருந்து உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டாள். ஏழு வாரமாக, என்றார் அவர். அம்மாவுக்கு வந்திருப்பது என்ன என்று டாக்டர் சொல்லி ஏழு வாரம் ஆகியிருந்தது. நாளைக்குச் சொல்லலாம், அவளுடைய ஆபீஸ் பரீட்சை முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை வருவாள் அல்லவா என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளியிருந்தார். மகள் வந்து சேர்ந்தபோது அம்மாவுக்குப் பேச்சு போயிருந்தது. அந்தக் கேள்வியில் நுழைந்த 'உங்களுக்கு' பிறகு வெளியே போகவில்லை. கேட்பவர்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. அவருக்கு மட்டும் தாழ்ப்பாள் விழுகிற சத்தமாகக் கேட்டது.

அவர் முப்பத்தொரு வருடம் மின்சார மீட்டர் பார்த்தவர். ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போயிருக்கிறார், ஒரு வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. வாசலோரப் பெட்டியைத் திறப்பார், எண்ணைப் பார்ப்பார், எழுதிக்கொண்டு போய்விடுவார். அந்த எண்ணை வைத்தே எந்த வீட்டில் ஆள் ஊரில் இல்லை, எந்த வீட்டில் பச்சைக் குழந்தைக்கு வெந்நீர் போடுகிறார்கள், எந்த வீட்டில் விடிய விடிய விளக்கு எரிகிறது என்றெல்லாம் சொல்லிவிடுவார். சொல்லிவிடுவார் என்பதும் தப்பு. தெரிந்துகொள்வார், அவ்வளவுதான். மனைவி அவரை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவாள், செல்லமாக. அவர் வந்து போனால் மீட்டர் அதிகமாக ஓடுகிறது என்று யாராவது சண்டைக்கு வந்தால் மட்டும் வாயைத் திறப்பார்: "பாக்குறதுக்குச் செலவில்லீங்க. எத்தனை தடவை எட்டிப் பாத்தாலும் மீட்டர் ஒரு புள்ளி ஏறாது."

மகள் மின்சாரக் கார் வாங்கியபோது மனைவி தன் போனை அந்தக் காரோடு இணைத்துக்கொண்டாள். பொண்ணு தனியாக ஓட்டுகிறாள், எங்கே இருக்கிறாள் என்று தெரிய வேண்டாமா என்றாள். மனைவி இறந்த பிறகும் அந்தப் போனுக்குத் தினமும் சார்ஜ் ஏற்றினார். முதலில் காரணம் எதுவும் இல்லை. அணைத்துவிட மனம் வரவில்லை. பிறகு ஒரு நாள் அந்த ஆப்பைத் திறந்தார். சின்னதாக ஒரு கார்ப் படம். அதன் கீழே: கதவு பூட்டியிருக்கிறது. சார்ஜ் 61 சதவீதம். உள்ளே வெப்பம் 31. நிற்கும் இடம், மகளின் வீடு.

எண்கள். அவருக்கு வேறென்ன வேண்டும்?

அன்றிலிருந்து மகளோடு வாழ்ந்தார். எட்டேகாலுக்குப் புறப்பட்டாள். ஒன்பதுக்கு ஆபீஸ் சேர்ந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் தாமதமாகத் திரும்பினாள், ஏனென்று தெரியாது. பல் தேய்த்ததும் பார்ப்பார், சாப்பிட்டுக் கை கழுவியதும் பார்ப்பார். நேற்று மதியத்திலிருந்து டிக்கி பதினோரு தடவை திறந்து மூடியது. எதையோ நிறைய வாங்கியிருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு அடிக்கடி பார்த்தார். நாலரை மணிக்கு எண்கள் மறைந்தன. 'வண்டியுடன் தொடர்பு இல்லை' என்று ஒரு வரி வந்தது. ராத்திரி முழுக்க அந்த வரியையே தட்டித் தட்டிப் பார்த்தபடி இருந்தார். அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று உறுதியாக நம்பினார். ஒரு போன் பண்ணிக் கேட்கலாம் என்பது மட்டும் தோன்றவே இல்லை. இல்லை, தோன்றியது, தோன்றிய இடத்திலேயே கிடந்தது.

ஆகவே காலையில் அவள் குரலைக் கேட்டதும், வண்டிதான் செத்தது என்று தெரிந்ததும், இரண்டு பஸ் மாறிப் போகிற வழியெல்லாம் சாவியைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தார். என்ன இருந்தாலும் கூப்பிட்டுவிட்டாள். ஒரு காபியாவது குடித்துவிட்டுப் போகச் சொல்வாள். அப்போது கேட்டுவிட வேண்டும். என்ன கேட்பது? எப்படி இருக்கே என்று. அதைக் கேட்டுவிட்டால் மற்றது தானாக வரும்.

கார் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், தூணோரமாக நின்றது. பேட்டரிக்காரர் பெட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மகள் இளைத்திருந்தாள்.

"வாங்க" என்றாள்.

"வாங்கய்யா" என்றார் பேட்டரிக்காரரும். "இந்த வண்டிக் கதை தெரியுமா? கரண்ட் கொடுத்தாத்தான் கதவு திறக்கும். கதவு திறந்தாத்தான் பானெட்டைத் திறக்கலாம். பானெட்டைத் திறந்தாத்தான் கரண்ட் கொடுக்கலாம். பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னு சொல்ற மாதிரி."

மகள் சிரிக்கவில்லை. அப்பா சாவியின் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கி, உள்ளே ஒளிந்திருந்த இரும்புச் சாவியை உருவினார். கைப்பிடியின் ஓரத்து மூடியை நெம்பினால் அடியில் துவாரம் இருக்கும். சாவியோடு வீட்டில் கிடந்த வண்டிப் புத்தகத்தை எட்டு மாதத்தில் எத்தனை முறை படித்திருப்பார். சாவி நழுவிப் பெயிண்டில் ஒரு கோடு விழுந்தது.

"கொடுங்கய்யா, நான் பாத்துக்கறேன்."

மூடி கழன்றது. சாவி திரும்பியது. வழக்கமான பீப் சத்தமோ வெளிச்சமோ இல்லாமல் கதவு மரக்கதவு போலத் திறந்தது.

பின் சீட்டில் அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. சுருட்டிய மெத்தை. குக்கர். போர்வையில் சுற்றிய தையல் மெஷின், அது அம்மாவுடையது. பதினோரு தடவை திறந்த டிக்கிக்கு அர்த்தம் இதுதான். எண்ணிக்கை சரி, அவர் அதைப் படித்த விதம்தான் தப்பு.

வீட்டைக் காலி செய்கிறாள். எங்கே போகிறாள்? கேள்வி நாக்கு வரை வந்தது. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து, கழன்ற மூடியைத் தரையிலிருந்து பொறுக்கினார்.

பேட்டரிக்காரர் பானெட்டைத் திறந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப்பை மாட்டினார். கார் விழித்தது. பக்கக் கண்ணாடிகள் விரிந்தன, திரையில் வெளிச்சம் வந்தது.

"பாத்தீங்களா, எழுபத்தி நாலு சதவீதம். பெரிய பேட்டரில இவ்வளவு இருக்கு. ஆனா பூட்டுக்கும் விளக்குக்கும் இருக்கிற சின்ன பேட்டரி போயிட்டா கதவைத் திறக்கக்கூட வக்கில்ல. வயிறு நிறையச் சோறு, வாயைத்தான் திறக்க முடியல." திரையில் ஏதோ தேடினார். "சின்னதுக்கும் வயசாயிடுச்சுதான். ஆனா அது மட்டும் இல்ல மேடம். யாரோ இதைத் தூங்கவே விடல. நீங்க போன்ல அடிக்கடி பாப்பீங்களோ?"

"நான் பாக்கவே மாட்டேன்."

"ஆப்பைத் திறந்தாலே வண்டி முழிச்சுக்கும். முழிச்சுப் பதில் சொல்லணும்ல? அந்தக் கரண்டைச் சின்ன பேட்டரிதான் கொடுக்கணும். ஒரு தடவை ரெண்டு தடவைன்னா ஒண்ணுமில்ல. இங்க பாருங்க, நேத்து ஒரு நாள்ல மட்டும் நாப்பத்தி மூணு." திரையை மகள் பக்கம் காட்டினார். "அட, 'அம்மா'ன்னு போட்டிருக்கு. அதானே பாத்தேன், எந்த அம்மாதான் சும்மா இருப்பாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க மேடம், இப்படிப் பாத்துப் பாத்து வண்டியைக் கொல்ல வேணாம், ஒரு போன் பண்ணிக் கேட்டாப் போதும்னு."

எங்கோ மேல் மாடியில் தண்ணீர்க் குழாய் ஓடி நின்றது.

மகள் திரையைப் பார்த்தாள். அம்மா 4:26. அம்மா 4:11. அம்மா 3:58. கீழே இன்னும் போய்க்கொண்டே இருந்தது. திரும்பினாள்.

"அந்தப் போன் எங்க?"

சட்டைப்பையிலிருந்து எடுத்தார். பச்சை உறை, ஒரு மூலை உடைந்தது.

"இதை வெச்சுக்கிட்டா... நீ?"

நீ. எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த நீ. ஒரு கணம் அவர் உடம்பு முழுக்க ஏதோ இளகியது. அதற்குள் அவள் பேச ஆரம்பித்திருந்தாள், சத்தமில்லாமல், பேட்டரிக்காரருக்குக் கேட்கக்கூடாது என்பது போல.

"நான் எங்க போறேன், எப்ப வரேன், எல்லாம் தெரியும் உனக்கு. ஒரு வார்த்தை கேக்கல. அப்பவும் உனக்குத் தெரியும், சொல்லல. இப்பவும் தெரியும், கேக்கல. ஊமை ஊரைக் கெடுக்கும்னு அம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. எனக்குச் சிரிப்பு வரலப்பா."

"பாத்தா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்" என்றார்.

அவள் முன் சீட்டில் உட்கார்ந்து, திரையில் 'அம்மா' என்ற வரியைத் தொட்டாள். பக்கத்தில் 'நீக்கு' என்று வந்தது. விரல் அதன்மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. பேட்டரிக்காரர் கிளிப்பைக் கழற்றும் சாக்கில் வண்டிக்கு முன்னால் போய்விட்டார்.

அப்பா திறந்திருந்த கதவு வழியாகக் கையை நீட்டி, மகளின் விரலுக்கு அடியில் தன் விரலை வைத்து அழுத்தினார். 'அம்மாவை நீக்கவா?' என்று திரை மறுபடி கேட்டது. ஆம் என்பதையும் அவரே அழுத்தினார்.

"ஒரு மணி நேரமாவது நிறுத்தாம ஓட்டுங்க மேடம்" என்றார் பேட்டரிக்காரர். "நடுவுல அணைச்சிடாதீங்க. அப்பதான் சின்னது ஏறும்."

"அஞ்சு மணி நேரம் ஓட்டணும்" என்றாள் அவள். அதை அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

அஞ்சு மணி நேரம். எந்தப் பக்கம், எந்த ஊர், என்ன வேலை, யார் இருக்கிறார்கள் அங்கே? கதவை மூடியிருந்தாள், கதவுக் கண்ணாடி மட்டும் இறங்கியிருந்தது. அவள் விரல் பொத்தான்மேல் இருந்தது. காத்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. ஒரே ஒரு கேள்வி, எங்க போறேம்மா என்று. வாய் திறந்தது.

"நடுவுல எங்கயும் நிறுத்தாம போ" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். "சாவியைக் கொடுத்துட்டுப் போங்க."

கொடுத்தார். கண்ணாடி ஏறியது. கார் சத்தமே இல்லாமல் சரிவில் ஏறித் திரும்பி மறைந்தது. பேட்டரிக்காரரும் பெட்டியை மூடி, தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

தூணுக்குப் பின்னால் சுவரில் அந்தக் கட்டடத்தின் மீட்டர்கள் வரிசையாக இருந்தன, வீட்டு எண் எழுதி. பழக்கத்தில் கால்கள் அங்கே போயின. ஏறக்குறைய எல்லாவற்றிலும் சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்று அடித்துக்கொண்டிருந்தது. மகளின் வீட்டு எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

அதில் விளக்கு அடிக்கவில்லை, மீட்டர் ஓடவில்லை. நின்று பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தும் ஒரு புள்ளி ஏறவில்லை.