துளிக் கறையில்லாத படம்

மூன்று நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கோ கற்பனைக்கெட்டாத தூரத்தில் இரண்டு செத்த நட்சத்திரங்கள் மோதிக்கொண்டதற்கு இவள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று அவள் கணவனுக்குப் புரியவில்லை.

மோதலின் அதிர்வு பூமிவரை வந்து கருவிகளை ஆட்டிவிட்டுப் போயிருந்தது. எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை அந்தக் கருவிகள் குத்துமதிப்பாகத்தான் சொல்லும். அவை காட்டிய பெரும் பரப்பில் எங்கேயோ புதிதாக ஒரு வெளிச்சப் புள்ளி முளைத்திருக்கும். நான்கைந்து நாளுக்குள் அதைப் பிடிக்காவிட்டால் பிறகு தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

பிடிக்க வேண்டியது மாப்பிள்ளை. உலகத்தின் மறுபக்கத்தில், ஒரு மலையுச்சியில், ஆளில்லாமல் தானே கூரையைத் திறந்து தானே படமெடுத்து அனுப்பும் தொலைநோக்கிக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அது. காற்றில் கொஞ்சம் ஈரம் பட்டாலும் கோபித்துக்கொண்டு கூரையை மூடிவிடும் என்பதால் அந்தப் பெயர். அங்கே இரவு என்றால் இங்கே பகல். அது அனுப்பும் படங்களைச் சலிக்கும் கணினி நிரலை எழுதியவள் இவள். புதுப் படத்திலிருந்து அதே இடத்தின் பழைய படத்தைக் கழித்தால் பழைய நட்சத்திரமெல்லாம் போய், புதிதாக வந்தது மட்டும் மிஞ்சும். விஷயம் அவ்வளவுதான்.

முதல் இரவே வானம் பளிங்காக இருந்தது. நிரல் நூற்று நாற்பது இடங்களைச் சலித்துவிட்டு ஒன்றுமில்லை என்று கையை விரித்தது. குழுவின் தலைவியான மேடம் அன்றே உலகத்திலுள்ள எல்லாக் குழுக்களுக்கும் அறிக்கை அனுப்பிவிட்டார்: இந்த இடங்களைப் பார்த்துவிட்டோம், புதிதாக எதுவும் இல்லை. அதை நம்பி மற்றவர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். அப்போதிலிருந்து இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரே சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். விடுமுறை நாளும் அதுவுமாக அலுவலகம் போய், நாற்காலியில் உட்காராமலே சுற்றிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தாள்.

கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. செருப்புகள் வரிசையாக நின்றன. லிப்ட் மெக்கானிக்கான கணவனின் ஸ்பேனர்கள் எப்போதும் சோபாவுக்கடியில்தான் குடியிருக்கும். இன்று பெட்டிக்குள் இருந்தன. ஏழு வயது மகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்தை உடைச்சீங்க?"

"ஏம்மா, வீட்டைச் சுத்தம் பண்ணா அதுக்கும் சந்தேகமா?" என்றான் கணவன்.

"நம்ம வீடு இவ்வளவு சுத்தமா இருக்காதே."

"பூச்சாடிம்மா. அப்பாதான் பந்தை அடிச்சார்," என்று மகள் போட்டு உடைத்தாள்.

"எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"நீ கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்," என்று தலையைச் சொறிந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் முகம் மாறியது. இவ்வளவு சுத்தமா இருக்காதே. கழித்த படம் ஒருநாளும் சுத்தமாக இருந்ததில்லை. பெரிய நட்சத்திரங்கள் இருந்த இடத்தில், டம்ளரை எடுத்த மேசைபோல, வட்டம் வட்டமாகக் கறை நிற்கும். முதல் இரவுப் படங்களில் சில, துளிக் கறையில்லாமல் இருந்தன. கண் அன்றே பார்த்துவிட்டது. மண்டைக்குத்தான் மூன்று நாள் பிடித்திருக்கிறது.

பையைக்கூடக் கழற்றாமல் மடிக்கணினியைத் திறந்தாள். கறையில்லாத படங்கள் பதினொன்று. நிரலைப் பிரித்துப் பார்த்தாள். போன மாதம் அவளே சேர்த்த வரி அங்கே இருந்தது: புதுப் படம் இன்னும் தெளிவாக இருந்தால், பழைய படத்தின் இடத்தில் அதையே வை. நல்ல எண்ணத்தில் சேர்த்ததுதான். வானம் பளிங்காக இருந்த அந்த இரவில், நிரல் புதுப் படத்தையே பழைய படமாக வைத்துக்கொண்டு அதிலிருந்து அதையே கழித்திருந்தது. பிறகு என்ன மிஞ்சும்?

படக் கிடங்கிலிருந்து உண்மையான பழைய படங்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கழித்தாள். ஏழாவதில், ஒரு விண்மீன் கூட்டத்தின் ஓரத்தில், கறைகளுக்கு நடுவே ஒரு புள்ளி. மறுநாள் படத்தில் அதே புள்ளி பாதியாகக் குறைந்திருந்தது. புள்ளி இருந்த முதல் இரவுப் படத்தையே பழைய படமாக வைத்துக் கழித்ததால், மறுநாளும் அது நிரலின் கண்ணில் படவில்லை.

அடுத்த வாரம் அவளுடைய வேலையை நிரந்தரமாக்குவது பற்றிக் கூட்டம். இன்று எடுத்த படத்தில் கிடைத்தது என்று அனுப்பினால் கைதட்டல்தான் கிடைக்கும். யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

மாப்பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்தாள். மலையில் ஈரக் காற்று. கூரையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மேடத்தை அழைத்தாள், மணி அடித்து ஓய்ந்தது. நாளைவரை அந்த வெளிச்சம் தாங்காது. மற்றவர்களைத் திருப்ப வேண்டுமானால், இல்லை என்று சொன்ன இடத்துக்கே ஏன் திரும்பச் சொல்கிறோம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அறிக்கையை அடித்தாள்: "முந்தைய அறிக்கை தவறு. தவறு நான் எழுதிய நிரலில். உடனே இங்கே பாருங்கள்." இடத்தைக் குறித்து, இரண்டு படங்களையும் இணைத்து, கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பினாள்.

பிறகு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள்.

"நான் ரிப்பேர் பண்ற லிப்ட்கூட இப்படிப் போய்ட்டு வராது. கொஞ்சம் உக்காரு," என்றான் கணவன். அவள் உட்காரவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து வேறொரு குழுவிடமிருந்து பதில் வந்தது. "உங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தோம். இப்போது திருப்பினோம். இருக்கிறது. மிகவும் மங்கல்." அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மேடம் அழைத்தார். "பார்த்தேன். பெரிய தொலைநோக்கிங்க அந்த வெளிச்சத்தைப் பிரிச்சுப் பார்த்திருந்தா, அதுல என்னென்ன உலோகம் பிறந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கும். அது பளிச்சுன்னு இருந்த ரெண்டு நாள் இனிமே யாருக்கும் கிடையாது. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"யார் பேர்ல அனுப்பின?"

"என் பேர்ல மட்டும்தான்."

"முதல் அறிக்கை என் பேர்லதானே போச்சு. இதுலயும் என் பேரைச் சேர்த்து மறுபடி அனுப்பு."

"சரி மேடம். யாராவது கேக்கறதுக்குள்ள நாமளே சொன்னது நல்லதாப் போச்சு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மகள் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, கண்ணாடித் தட்டும் உடைஞ்சு போச்சு. அது அப்பா இல்ல, நான். நீ கேக்கல, நானே சொல்றேன்."