பஷீரா கடைத் தேரைகள்

பிள்ளை உண்டா இல்லையா என்று பார்க்கும் பரிசோதனையை இனி சிங்கப்பூருக்கே அனுப்பிவிடலாம் என்று டாக்டர் கருணாகரன் சொன்னதும் கோகிலாவுக்குச் சுர்ரென்றது. பரிசோதனைக்கூடம் அவள் பொறுப்பு. பெண்ணின் சிறுநீரை ஆண் தேரைக்கு ஊசியில் ஏற்றி, சில மணி நேரம் கழித்துத் தேரையின் நீரை நுண்ணோக்கியில் பார்ப்பாள். அதில் விந்தணு நெளிந்தால் பிள்ளை உண்டு. தேரைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கடையில் வாங்கும் நோஞ்சான்கள் பாதியிலேயே செத்துத் தொலைத்தன. வெள்ளைக்காரன் போய் நாடே நம் கைக்கு வரப்போகிற நேரத்தில், ஒரு தேரையை உயிரோடு வைத்திருக்க நமக்குத் துப்பில்லையா? கடைசியாக ஒரு தடவை நல்ல தேரை தேடிப் பார்த்துவிடுகிறேன் என்று டாக்டரிடம் வீம்பாக அனுமதி கேட்டு வாங்கினாள்.

தெங்கேரா வட்டாரத்தில் ஒரு கடைக்காரன் பிஸ்கட் டின்னைத் திறந்தான். உள்ளே பாதித் தேரைகள் செத்து நாறின. அடுத்த கடைத் தேரைகளுக்குத் தோலெல்லாம் புண்.

காஜா பெராங் வட்டாரத்தில் பறவையும் மீனும் விற்கும் பஷீராவுடைய கடையின் பின்கட்டில்தான் அவள் கண் விரிந்தது. அகன்ற மண்தொட்டிகள், ஈரமண், மழைத்தண்ணீர், மேலே கீற்று நிழல். தேரைகள் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகள் மாதிரி கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தன. பஷீரா கறையான் தூவிக்கொண்டிருந்தாள்.

“வெட்டுறதுக்குன்னா குடுக்க மாட்டேன், மிஸி.”

ஊசி மட்டும்தான், வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விடுவேன் என்று கோகிலா விளக்கினாள். எதற்கு ஊசி என்று தெரிந்ததும் பஷீராவின் கை நின்றுவிட்டது.

தேரையோடு புழங்குகிறவளுக்கு வயிறு எப்படித் திறக்கும் என்று பக்கத்து வீட்டுப் பூங்காவனம் ஓதிக்கொண்டே இருந்தாளாம். மாமியாரும் அதைப் பிடித்துக்கொண்டு, பெருநாளுக்குள் தொட்டிகளைக் கவிழ்த்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாராம். பஷீராவுக்கோ நாள் தள்ளிப் போயிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

“அப்ப மொதல்ல எனக்குப் பாருங்க. என் தேரையிலயே பாருங்க.”

மறுநாள் பஷீராவின் சிறுநீரை அவள் கொடுத்த தேரைக்கே ஊசி போட்ட பிறகு கோகிலா அதன் பக்கத்தை விட்டு நகரவில்லை. இது செத்தால் தன் வேலையும் போச்சு, பஷீராவின் தொட்டிகளும் போச்சு. தேரையோ அசராமல் கண்ணை உருட்டியது. நுண்ணோக்கியில் குனிந்தாள். விந்தணுக்கள் துருதுருவென்று நெளிந்தன. டாக்டர் இரண்டு தடவை பார்த்தார், பிறகு சிங்கப்பூர்ப் பேச்சை விட்டார். கோகிலாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

தேரையை அவளே கொண்டுபோனாள். கடையில் பஷீராவின் மாமியாரும் பூங்காவனமும் பேசிக்கொண்டிருந்தார்கள். கோகிலா பஷீராவை ஓரமாக அழைத்துக் காதில் சேதியைச் சொன்னாள். பஷீரா அழவில்லை. தேரையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நிமிர்ந்து நடந்து, நேரே மாமியார் முன் போய் நின்றாள்.

“மாமி, உங்களுக்குப் பேரப்புள்ள வரப்போகுது. மொதல்ல கண்டுபிடிச்சுச் சொன்னவரு இவருதான்.”

பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார் ஓர் எட்டுப் பின்வாங்கினார். தேரையைக் குனிந்து பார்த்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, இவருக்குத் தீனி போட்டாச்சா என்று மருமகளைக் கேட்டார்.