லேசர் அணைந்த படம்

கைடு எழுதிக்கொடுத்த பேச்சு என் கையில் இருந்தது. அதை மேடையில் அப்படியே ஒப்பித்தால் திங்கட்கிழமை என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவார். ஆறு வருஷ உழைப்பு அவர் மேஜையில் அதற்காகத்தான் கிடந்தது. காலையில் அம்மாவும் போனில் அதையே சொன்னாள்: வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு. பெற்றவளுக்கு என் வாயைத் தெரியும்.

வட்டார நிறமாலை ஆய்வு மாநாடு அது. ஒரு பொருளின் மேல் லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைக் கோடாக வரைந்து, அதில் எழும் முகடுகளை, எங்கள் பாஷையில் பீக்குகளை, வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறவர்களின் கூட்டம். நாங்கள் ஆராயும் ஒரு பொடியில் அதுவரை யாரும் காணாத ஒரு பீக் இருப்பதாகச் சொல்லி, கைடு அதை வைத்தே மூன்று கட்டுரைகள் வெளியிட்டுவிட்டார். என் ஆய்வேட்டில் முக்கால்வாசி அந்த ஒரு பீக்கைப் பற்றித்தான்.

எங்கள் லேபில் ஒரு சட்டம் உண்டு. யாரோ இருட்டில் லென்ஸைத் தட்டி உடைத்த நாளிலிருந்து விளக்கை அணைக்கக் கூடாது. வெளி வெளிச்சம் உள்ளே புகாமல் தடுக்கும் கருவியின் மூடியோ எப்போதோ உடைந்து மூலைக்குப் போய்விட்டது. மற்ற பொருள்களைச் சில விநாடிகளில் பதிவு செய்துவிடலாம். எங்கள் பொடி மகா கஞ்சம், ஒளியைக் கிள்ளித்தான் கொடுக்கும். அதனால் நெடுநேரம் பதிவு செய்வோம்.

போன மாதம் பாதிப் பதிவில் லேசர் படுத்துவிட்டது. அது தெரியாமல் அடுத்த பதிவையும் ஓட்டினேன். எல்லாப் பீக்கும் காணாமல் போயிருக்க, அந்த ஒன்று மட்டும் ஜம்மென்று நின்றது. தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன், பீக்கும் போய்விட்டது. கைடிடம் காட்டியபோது அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்து, மாநாடு முடியும்வரை இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார்.

மேடையேறினேன். அந்த அமர்வுக்குத் தலைமையும் அவரேதான். அவர் கொடுத்த படங்களைத் தள்ளிவிட்டு, லேசர் அணைந்த படத்தைத் திரையில் போட்டேன். பாதி நேரம்கூட ஆகவில்லை, மணியை அடித்தார். பிறகு மைக்கை நிறுத்தச் சொன்னார். என் தொண்டைக்கு மைக் எதற்கு? கத்தியே விளக்கினேன்.

முன்வரிசையிலிருந்து வேறொரு பேராசிரியர் எழுந்தார். தங்கள் லேபிலும் அதே பீக் வந்ததாம், இன்னும் இரண்டு லேபில் உறுதி செய்திருக்கிறார்களாம், எல்லோரும் முட்டாள்களா என்று கேட்டார்.

"உங்க லேப்ல மேல என்ன லைட் எரியுது சார்?"

அவர் தன்னையறியாமல் அண்ணாந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். பின்வரிசைகளில் சலசலப்பு எழுந்தது.

தேநீர் இடைவேளையில் கைடு என்னை வராந்தாவின் ஓரத்துக்குக் கூப்பிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"உன் தீசிஸ்ல என் கையெழுத்து விழாதும்மா."

பயமே இல்லை என்று கதை விட மாட்டேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"அந்த பீக் இருக்கிற தீசிஸ்ல என் பேரும் வேண்டாம் சார். திங்கட்கிழமை வந்து உங்க மேஜையிலேர்ந்து அதை எடுத்துக்கறேன்."