எல்லாரும் வைஃபையை அணைக்கும் நேரம்

"மச்சான், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளேன்."

"கோவிச்சுக்கக் கூடாது."

"என்னன்னே சொல்லாம நான் எதுக்குடி கோவிச்சுக்கப் போறேன்? சீக்கிரம் சொல்லு, கப்பல் ஏணியை எடுக்கப் போறான்."

"அப்ப வேணாம். அப்புறம் கேக்குறேன்."

"சரி, போன்ல கேளு. பக்கா?"

"பக்கா."

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், பக்கத்துத் தீவான ஹேவ்லாக்குக்குக் கப்பல் கிளம்பும் அவசரத்துக்கு நடுவில் நடந்த பேச்சு அது. தஸ்லிமா அதை மனசுக்குள் ஓட்டிப் பார்க்காத நாளில்லை. பின்னாலிருந்து கப்பல்காரர் ஒருவர் "ஜல்தி கரோ பாய்" என்று கத்தி அவசரப்படுத்தியதும், ஹம்தான் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஏறிப்போனதும் அப்படியே நினைவில் நின்றன. கேட்க நினைத்ததை மட்டும் அவள் கேட்கவே இல்லை.

அப்படி ஒன்றும் பெரிய விஷயமில்லை. அவளுக்கு அவனோடு போய் இருக்க வேண்டும். ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட்டில் ஃப்ரன்ட் ஆபீஸ் மேனேஜராக இருந்தான் ஹம்தான். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் ஒற்றை அறை, தகரக் கூரை, மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. இதெல்லாம் அவனே சொன்னதுதான். சொல்லும்போதெல்லாம், "அங்கே அவர் பக்கத்தில் இருக்கப் போவது நான் ஒருத்திதானே" என்று அவளுக்குத் தோன்றும். கல்யாணமாகி ஒரு பெருநாள் போய் அடுத்த பெருநாளும் வந்துவிட்டது. சேர்ந்து இருந்த நாட்களோ, சீசன் முடிந்து அவன் லீவில் வந்த நாட்கள் மட்டும்தான். அந்த நாட்களிலும் வீடு அவனைப் பங்கு போட்டுக்கொள்ளும். வாப்பாவுக்குக் கடையில் வேண்டும், உம்மாவுக்கு அடுக்களையில் வேண்டும். மிச்ச நேரத்தில் இதைக் கேட்டு அவன் முகத்தை வாட வைக்க அவளுக்கு மனசு வந்ததில்லை.

மாமனார் நூர்முகம்மதும் மாமி ரஷீதாவும் கொடுமைக்காரர்களாக இருந்திருந்தால் கேட்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! இவர்களோ மீனில் வயிற்றுத் துண்டை மருமகள் தட்டில் ஒளித்துவைக்கிறவர்கள். அந்த முகங்களுக்கு முன்னால், உங்களை விட்டுப் போகிறேன் என்பதை எப்படிச் சொல்வது?

போனில் கேள் என்று சொன்னவனுக்கு, அந்த வீட்டில் போன் பேசுவது எப்படி என்பதே மறந்துவிட்டது போலிருக்கிறது.

கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முன்னால் தீவுக்கு நெட் வானத்திலிருந்துதான் இறங்கி வந்தது. அதுவும் சொட்டுச் சொட்டாக. வீட்டில் ஒருவர் ஒரு படத்தைத் திறந்தால் மற்றவர்களுக்கு நெட் நின்றுபோகும். அந்தக் காலத்தில் நூர்முகம்மது ஒரு சட்டம் போட்டார். ஒருத்தர் பேசினால் மற்றவர்கள் அணைத்துவிட வேண்டும். பிறகு கேபிள் வந்தது. தீவின் டாலிகஞ்ச் பகுதியில் அவருடைய பாத்திரக்கடைக்கும், அதற்குப் பின்னாலிருந்த வீட்டுக்கும் ஃபைபர் லைனும் வந்தது. சட்டம் மட்டும் போகவில்லை.

அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்து வந்தவுடன் மாமாவின் குரல் கேட்கும். "ஹம்தான் நேரம்! எல்லாரும் ஆஃப் பண்ணுங்க!"

மாமி, கல்லூரியில் படிக்கும் நாத்தனார் பஸீலா, மாமா என்று எல்லோரும் வைஃபையை அணைத்து, போன்களை டீப்பாயில் கவிழ்த்து வைப்பார்கள். டிவி ஊமையாகும். கையில் போன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? சுற்றி உட்கார்ந்து, கைகட்டி, மருமகள் புருஷனோடு பேசுவதைக் கேட்பார்கள்.

"சாப்ட்டியா?" என்று ஹம்தான் கேட்பான்.

"ம், சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

"நெத்திலி ஆணம்டா! காரம் கொஞ்சம் தூக்கல்!" இது பக்கத்திலிருந்து மாமி.

"மதினியைப் பேச விடும்மா," என்பாள் பஸீலா. "புருஷன் பொண்டாட்டி நடுவுல ஆணத்தை ஊத்தாத."

"நான் என்னடி சொன்னேன்? காரம்னுதானே சொன்னேன்!"

பின்கட்டு அறைக்குப் போனைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், அங்கே வைஃபை எட்டாது. அவர்கள் தெருவின் பள்ளத்தில் மொபைல் டேட்டாவை நம்பவும் முடியாது. எழுதி அனுப்பலாம் என்று பலமுறை தட்டச்சு செய்து பலமுறை அழித்திருக்கிறாள். வேலை மும்முரத்தில் அவன் ஒரு கட்டைவிரலைத் தூக்கி அனுப்பிவிட்டால்? இதை அவன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

தொண்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் தஸ்லிமா. மெயின்லேண்டில் கம்ப்யூட்டர் படித்தவள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடை மூடியிருந்தபோது, லேப்டாப்பைத் திறந்து ரவுட்டரின் செட்டிங் பக்கத்துக்குள் நுழைந்தாள். ரவுட்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டதும் கதவு திறந்தது. உள்ளே இத்தனை அறைகளா என்று இருந்தது. எந்தக் கருவிக்கு முதலிடம், எதற்கு எவ்வளவு வேகம், விருந்தாளிக்குத் தனி வைஃபை என்று எல்லா வசதிகளும் பூட்டியபடி கிடந்தன. லைன் போட்டுவிட்டுப் போனவர் ஒன்றையும் தொடவில்லை.

கடைக்குத் தனியாக ஒரு வைஃபை பிரித்தாள். பணம் வந்ததும் சத்தம் போட்டுச் சொல்லும் பெட்டி இனி வீட்டோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். பரண்மேல் கிடந்த பழைய ரவுட்டரை இறக்கித் துடைத்து, சிக்னலை வாங்கி நீட்டிக் கொடுக்கும்படி மாற்றி, பின்கட்டு நடையில் வைத்தாள். அதன் பிறகு வீட்டுக் கருவிகளின் பட்டியலைத் திறந்தாள். பாதிப் பெயர்கள் எழுத்தும் எண்ணுமாகக் குழம்பிக் கிடந்தன. நடுவில் ஒரே ஒரு பெயர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

ஹம்தான்.

அவளுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. கடல் தாண்டி இருக்கிற மனுஷனின் போன் இந்த வீட்டு ரவுட்டரில் எப்படி இருக்கும் என்று படித்தவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்தப் பெயருக்கு முன்னால் இருந்த நட்சத்திரத்தை அழுத்தி முதலிடம் கொடுத்தாள். என் மச்சானுக்குத்தான் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்று ஒரு நிறைவோடு லேப்டாப்பை மூடினாள்.

சாயங்காலம் பஸீலா தலையில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "மதினி, நெட்டு சுத்துது சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. வாப்பாவுக்கு மட்டும் எப்படி இப்படி ஓடுது?"

எட்டிப் பார்த்தால், நூர்முகம்மது சாய்வு நாற்காலியில் ராஜா மாதிரி சாய்ந்து, யாரோ சூரை மீன் பிடிக்கும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீனின் செதில்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

"க்யா பாத் ஹை!" என்றார் அவர். "நம்ம லைன் இன்னிக்கு அருமையா இருக்கு புள்ள."

அவர் கையிலிருந்தது மகனின் பழைய போன். புது போன் வாங்கியபோது ஹம்தான் வாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. அதில் பெயரை யாரும் மாற்றவில்லை.

விஷயம் தெரிந்ததும் பஸீலா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஹம்தான் காக்கா பேரைப் பார்த்ததும் மதினிக்குக் கண்ணு தெரியல! மாமனாருக்குப் போய் நட்சத்திரம் குத்தியிருக்காங்க!"

"சத்தம் போடாதடி," என்று தஸ்லிமா அவள் வாயைப் பொத்தினாள். முகம் சிவந்து காது வரை சுட்டது.

மறுநாள் எல்லாவற்றையும் சரிசெய்தாள். ஒவ்வொரு போனாக எடுத்து எது யாருடையது என்று பார்த்து, அந்தந்தப் பெயரை வைத்து, யாரும் யாருடையதையும் தின்றுவிடாதபடி வேகத்தைப் பங்கிட்டாள். அப்புறம் எல்லோரையும் கூப்பிட்டாள்.

"மாமா, நீங்க மீன் வீடியோ போடுங்க. மாமி, உங்க சீரியல். பஸீலா, நீ என்னத்தையாச்சும் போடு. எல்லாரும் ஒண்ணா."

"ஒண்ணாவா?" நூர்முகம்மது பதறினார். "லைன் செத்துப்போகும் புள்ள!"

"சாகாது மாமா. போட்டுப் பாருங்க."

மூன்று போன்களும் ஒரே நேரத்தில் பேசின, அழுதன, பாடின. ஒன்றும் நிற்கவில்லை. மாமா தன் போனைப் பார்த்தார், மகள் போனைப் பார்த்தார், மறுபடி தன் போனைப் பார்த்தார்.

"அச்சா," என்றார் மெதுவாக.

அன்றும் மஃரிப் முடிந்தது. அன்றும் எல்லோரும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். தஸ்லிமா கையில் போனோடு நின்றாள்.

"மாமா... இனிமே நீங்க யாரும் அணைக்க வேண்டாம். ஒருத்தர் பேசினா மத்தவங்களுக்குக் குறையாது."

"அப்ப நாங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்?"

கேள்வி வெகுளியாகத்தான் வந்தது. இத்தனை நாளும் மருமகளுக்காக அணைத்து வைக்கிறோம் என்று நினைத்திருந்தவர்களுக்கு, மகன் குரலைக் கேட்க ஒரு சாக்காகவும் அது இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது போலிருந்தது. ரஷீதா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்சம் நீளமான பார்வை. தஸ்லிமாவுக்குக் கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"எந்திரிங்க," என்றாள் ரஷீதா புருஷனிடம். "உங்க மீனைப் போய்ப் பாருங்க. அந்தப் புள்ள அது புருஷன்கூடப் பேசட்டும்."

"நான் ஒரு சலாம் சொல்லிட்டு..."

"அதான் லைன் குறையாதுங்குதுல்ல? நீங்க உங்க போன்ல தனியா சொல்லுங்க. நானும் தனியா பேசுவேன். எனக்கும் எம்புள்ளகிட்டப் பேச ஆயிரம் இருக்கு." பிறகு தஸ்லிமாவின் தோளைத் தொட்டாள். "ரூமுக்குப் போம்மா. மனசுல இருக்கிறதைப் பேசு. அரைகுறையா முழுங்கிட்டு வராத."

மாமிக்குத் தெரிந்துவிட்டதா? எவ்வளவு நாளாகத் தெரியும்? கேட்கத் துணிவில்லை. தஸ்லிமா பின்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

கூப்பிட்ட உடனே எடுத்தான். படம் விட்டு விட்டு வரவில்லை. முகம் கட்டம் கட்டமாக உடையவில்லை. அவன் இளைத்திருக்கிறான் என்பது இப்போதுதான் தெரிந்தது. தாடியை ஒரு பக்கம் சரியாகக் கத்தரிக்கவில்லை. சட்டையின் மேல் பட்டன் இல்லாமல் ஊக்கு குத்தியிருந்தான்.

"எங்க யாரையும் காணோம்? சபை கலைஞ்சு போச்சா?" என்று சிரித்தான்.

"அவங்க அவங்க நெட்டுல இருக்காங்க."

"வாப்பா அணைக்கச் சொல்லலியா?"

"இல்ல. எல்லாருக்கும் பங்கு பிரிச்சுட்டேன்."

"நீயா? அரே வா! என் பொண்டாட்டி ஒரு இன்ஜினியர்!"

அவளும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு அடங்கியது. சுற்றி உட்கார்ந்து கேட்க யாருமில்லை, குறுக்கே பேச யாருமில்லை. லைன் கட்டாகிவிட்டது, சரியாகக் கேட்கவில்லை, அப்புறம் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. இத்தனை நாளும் மற்றவர்கள் இருக்கிறார்கள் என்றுதான் கேட்காமல் இருந்தோமா, இல்லை, அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதானா? அந்த அறையின் அமைதியில் அவளுக்கு விடை தெரிந்தது.

"தஸ்லி? என்னடி, படம் நின்னுபோச்சா? அசையாம இருக்க?"

"நிக்கல. நல்லாத்தான் தெரியறீங்க."

"அப்ப பேசு."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மச்சான், ஒத்த ரூமா இருந்தாலும் பரவால்ல. தகரக் கூரையா இருந்தாலும் பரவால்ல. கரண்ட் போனாலும் போகட்டும். எனக்கு உங்களை இந்தப் போன்ல பார்த்தது போதும். அடுத்த கப்பல்ல வந்து என்னையும் கூட்டிட்டுப் போங்க."